விமான தூரமும் பயண நேரமும்: இரண்டு ஊர்களுக்கு நடுவே நாமே கணக்குப் போடுவது எப்படி?

என் அத்தைக்கு மகன் துபாயில், மகள் சிங்கப்பூரில். இரண்டு ஊருக்கும் போய்வர டிக்கெட் போட்டு, தாள்களை அவர் கையில் கொடுத்தோம். சிங்கப்பூர் டிக்கெட்டில் சென்னையில் இரவு 11:15க்குப் புறப்பாடு, காலை 6:15க்கு வந்து சேர்தல் என்று இருந்தது. துபாய் டிக்கெட்டில் காலை 9:50க்குப் புறப்பாடு, மதியம் 12:35க்கு வந்து சேர்தல். அத்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பையன் ஊருக்கு மூணு மணி நேரம்கூட இல்ல. பொண்ணு ஊருக்குத்தான் ஏழு மணி நேரமாம். இந்த முட்டி வலியோட அவ்வளவு நேரம் உக்கார முடியுமாப்பா?" என்று கேட்டார்.

உண்மையில் சென்னையிலிருந்து இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தூரம். சிங்கப்பூர் சுமார் 2,920 கி.மீ., துபாய் சுமார் 2,930 கி.மீ. அவர் இருக்கையில் உட்காரப்போகும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டிக்கெட்டில் அச்சிட்டிருந்த நேரங்கள் அவரைத் தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டன. அன்றைக்கு அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பள்ளிக்கூடக் கணக்கும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

முதல் படி: எந்த விமான நிலையம்?

ஊர்ப் பெயரை வைத்துத் தொடங்காதீர்கள், விமான நிலையத்தின் குறியீட்டை வைத்துத் தொடங்குங்கள். டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருக்கும் மூன்று எழுத்துதான் அது. சென்னைக்கு எம்.ஏ.ஏ., மெட்ராஸ் காலத்துக் குறியீடு. சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்.ஐ.என்., துபாய்க்கு டி.எக்ஸ்.பி. லண்டன் என்று பொதுவாகச் சொன்னால் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல உண்டு. கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது. சான் ஹோசே என்ற பெயரில் கலிஃபோர்னியாவில் ஒன்று, கோஸ்டாரிகாவில் ஒன்று. பெயரை மட்டும் நம்பினால் கணக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தப்பிப்போகும்.

இரண்டாம் படி: அட்சரேகை, தீர்க்கரேகை

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் இந்த இரண்டு எண்களும் இணையத்தில் உடனே கிடைக்கும். நமக்குத் தேவையானவை இவை:

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17
சிங்கப்பூர்: வடக்கு 1.36, கிழக்கு 103.99
துபாய்: வடக்கு 25.25, கிழக்கு 55.36
யாழ்ப்பாணம் (பலாலி): வடக்கு 9.79, கிழக்கு 80.07
கொழும்பு (கட்டுநாயக்க): வடக்கு 7.18, கிழக்கு 79.88

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில இடங்களில் சென்னையை 12 பாகை (டிகிரி) 59 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அதை 12.59 என்று எழுதிவிடக் கூடாது. 59ஐ 60ஆல் வகுத்தால் 0.98, ஆகவே 12.98. இந்த ஒரு சறுக்கலிலேயே சுமார் 43 கி.மீ. பிசகிவிடும். தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் கழித்தல் குறி போட மறக்காதீர்கள்.

மூன்றாம் படி: தூரம்

சுலபமானதிலிருந்து ஆரம்பிக்கலாம். சென்னையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் தெற்கே ஒன்றாக இருக்கின்றன. அப்படி இருந்தால் அட்சரேகை வித்தியாசத்தை 111ஆல் பெருக்கினாலே தூரம் வந்துவிடும், ஏனென்றால் வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ. 12.99இலிருந்து 9.79ஐக் கழித்தால் 3.20. பெருக்கினால் 355 கி.மீ. அவ்வளவுதான். கொழும்பும் இதே வரிசையில்தான்: 5.81 பாகை, 645 கி.மீ.

கிழக்கு மேற்காகப் போகும்போது கொஞ்சம் கூடுதல் வேலை. பூமத்திய ரேகையில்தான் தீர்க்கரேகைகள் அகலமாக விலகி நிற்கும், துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும். அதனால் உருண்டைக்கான கணக்கு வேண்டும். போனில் இருக்கும் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் சைன், கோசைன் பொத்தான்கள் பெரும்பாலும் வந்துவிடும். அது பாகையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போட்டுப் பார்ப்போம்.

1. தீர்க்கரேகை வித்தியாசம்: 103.99 கழித்தல் 80.17, விடை 23.82.
2. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.0053.
3. இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும், 23.82இன் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.8912.
4. இரண்டையும் கூட்டினால் 0.8965.
5. அதற்குத் தலைகீழ் கோசைன் எடுத்தால் 26.3 பாகை.
6. 111.2ஆல் பெருக்குங்கள். 2,924 கி.மீ. வரும்.

நடுவில் எண்களைச் சுருக்காமல் கடைசியில் சுருக்குவது நல்லது. பூமி சரியான உருண்டை கிடையாது. பூமத்திய ரேகையில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதனால் இந்த முறையில் அரை சதவீதம் வரை முன்பின் இருக்கும். நான் 2,920 என்றே வைத்துக்கொள்கிறேன். இதே ஆறு வரியைத் துபாய்க்குப் போட்டால் 26.38 பாகை, சுமார் 2,930 கி.மீ. கணக்குப் போட விருப்பம் இல்லாதவர்கள் கிரேட் சர்க்கிள் மேப்பர் போன்ற தளத்தில் இரண்டு குறியீடுகளைக் கொடுத்தால் போதும். ஆனால் ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள். தளத்தில் வரும் எண் எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

தளங்கள் காட்டும் அலகையும் கவனியுங்கள். 2,920 கி.மீ., 1,814 மைல், 1,577 கடல் மைல் மூன்றும் ஒரே தூரம். விமானிகள் பேசுவது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

இப்படிக் கிடைப்பது பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழி. சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் இது வளைந்து தெரியும். பிள்ளைகள் வைத்திருக்கும் பூமி உருண்டையை எடுத்து, சென்னையில் ஒரு நூலின் நுனியை வைத்து, டொரொன்டோ வரை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண், நூல் அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும் என்று எதிர்பார்க்கும். நூலோ மத்திய ஆசியா, ரஷ்யா வழியாக ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி 73 பாகைக்கு மேல் போய் அந்தப் பக்கம் இறங்கும். தூரம் சுமார் 13,390 கி.மீ. இந்த நூல் சோதனையைப் பார்த்தபோது அத்தையின் பேரன் வாயைப் பிளந்தது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

நான்காம் படி: தூரத்தை நேரமாக மாற்றுவது

ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம் 35,000 அடி உயரத்தில் ஒலியின் வேகத்தில் 78 சதவீதத்தில் பறக்கும். அந்த உயரத்தில் குளிர் அதிகம், ஒலியின் வேகமே மணிக்கு சுமார் 1,060 கி.மீ. தான். ஆகவே விமானத்தின் வேகம் சுமார் 830. ஏ350, போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் 85 சதவீதம், அதாவது சுமார் 900. ஏடிஆர் என்ற சுழலி வைத்த சிறிய விமானம் சுமார் 500.

ஆனால் தூரத்தை வேகத்தால் வகுத்தது மட்டும் விடையாகிவிடாது. டிக்கெட்டில் இருக்கும் நேரம் விமானம் நிறுத்தியிருந்த இடத்தைவிட்டு நகரும்போது தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தும்போது முடிகிறது. இதைத்தான் துறைக்காரர்கள் பிளாக் டைம் என்கிறார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகப் போவது எல்லாம் இதற்குள் அடக்கம். இதற்கெல்லாம் சேர்த்து 40 நிமிடம் கூட்டினால் பெரும்பாலும் சரியாக வருகிறது. நான் வைத்திருக்கும் சூத்திரம் இதுதான்: தூரத்தை 830ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டு.

சென்னையிலிருந்து டெல்லி 1,760 கி.மீ. வகுத்தால் 2 மணி 7 நிமிடம், கூட்டினால் 2 மணி 47. சிங்கப்பூருக்கு 3 மணி 31 நிமிடம், கூட்டினால் 4 மணி 11. துபாய்க்கும் அதே அளவுதான். பெரிய விமானத்துக்கும் நான் 830ஐயே போடுகிறேன். அதன் கூடுதல் வேகத்தை நீண்ட பயணத்தின் சுற்றும் வளைவும் பெரும்பாலும் தின்றுவிடும்.

இப்போது யாழ்ப்பாணத்துக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு ஏடிஆர் விமானங்கள் போகின்றன. 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம், கூட்டினால் 1 மணி 23. கொழும்புக்கு ஜெட்டில் 645ஐ 830ஆல் வகுத்து, கூட்டினால் 1 மணி 27. கொழும்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம், நேரமோ நான்கு நிமிடம்தான் அதிகம்! குறுகிய பயணத்தில் தூரத்தைவிட விமானத்தின் வகையும் அந்த 40 நிமிடமும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. எந்த விமானம் என்பது டிக்கெட் எடுக்கும்போதே தெரியும், அதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

ஐந்தாம் படி: காற்று

பயணிகள் அதிகம் யோசிக்காத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. விமானம் காற்றுக்குள் 830இல் போகிறது. அந்தக் காற்றே எதிரே 80 கி.மீ. வேகத்தில் வந்தால் தரையைப் பொறுத்தவரை 750தான். பின்னாலிருந்து தள்ளினால் 910. 2,930 கி.மீ. தூரத்துக்கு முதலாவதில் 3 மணி 54 நிமிடம், இரண்டாவதில் 3 மணி 13 நிமிடம். போவதற்கும் வருவதற்கும் 40 நிமிட வித்தியாசம். தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

நடுத்தர அட்சரேகைகளில் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, குளிர்காலத்தில் வலுவாக. அதனால் துபாய் போகும்போது நேரம் கூடும், திரும்பும்போது குறையும். 2020 பிப்ரவரியில் பிரிட்டனைப் புயல் தாக்கிய சமயம், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. அதே வழியில் எதிர்த்திசையில் போக ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தென்னிந்தியாவின் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. கீழே ஒரு திசை, மேலே நேர் எதிர்த்திசை. இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1958இல் இதை விவரித்து எழுதினார். அந்த மாதங்களில் சிங்கப்பூருக்குப் போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று, சென்னைக்குத் திரும்பும் விமானத்துக்கு உதவி.

காற்றின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. ஏர் இந்தியாவின் டெல்லி, சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பிப் பசிபிக் வழியாக ஓட்டினார்கள். தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடி 15,300 கி.மீ. ஆனது. ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. முழுக்கப் பின்காற்றின் வேலை.

ஆறாம் படி: வழி நேராக இருக்கிறதா?

விமானம் நம் கணக்கில் வந்த கோட்டின் மேலேயே போவதில்லை. சென்னையில் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது. காற்றைப் பொறுத்துக் கடல் பக்கமாகவோ ஊர்ப் பக்கமாகவோ கிளம்பி, பிறகுதான் திரும்பும். புயல்மேகம் இருந்தால் சுற்றும். இதெல்லாம் தூரத்தில் சில சதவீதம் கூட்டும், பெரிய விஷயம் இல்லை.

பெரிய விஷயம் மூடிய வான்வெளி. 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போன ஃபின்னேர் விமானத்துக்குப் பதிமூன்று மணி நேரம் ஆனது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் குஜராத், அரபிக்கடல் பக்கமாகச் சுற்றின. இப்படியான நேரத்தில் எந்தச் சூத்திரமும் உதவாது. ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரம் அது உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். வேறு எந்தக் கணக்கையும்விட அந்த ஏழு நாள் பட்டியலை நான் அதிகம் நம்புவேன்.

ஏழாம் படி: கடிகாரம்

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். அத்தை குழம்பியது இங்கேதான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 11:15 முதல் காலை 6:15 வரை ஏழு மணி நேரம், அதிலிருந்து இரண்டரையைக் கழித்தால் நாலரை. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். 9:50 முதல் 12:35 வரை இரண்டே முக்கால் மணி நேரம், ஒன்றரையைக் கூட்டினால் நாலேகால். கிழக்கே போனால் கழி, மேற்கே போனால் கூட்டு. நம் பக்கத்துப் பயணங்களுக்கு இந்த ஒரு வரி போதும். இலங்கை நேரமும் நம் நேரமும் 2006இலிருந்து ஒன்றுதான்.

ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போகிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். லண்டன் கோடையில் நம்மைவிட நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால். டொரொன்டோ ஒன்பதரை, பத்தரை. பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளிலும், கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறுகளிலும் கடிகாரம் மாறும். மார்ச்சில் இரண்டு நாட்டுக்கும் நடுவே சில வாரங்கள் வித்தியாசம் விழும். அந்த வாரங்களில் டிரான்சிட் வைத்துப் போகிறவர்கள் பழைய மனக்கணக்கை நம்ப வேண்டாம்.

இதைவிட ஆபத்தானது நள்ளிரவு. 15ஆம் தேதி 00:15க்கு விமானம் என்றால், 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு அன்றே கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் முந்தின இரவே போய்விட்டது என்று தெரிந்து கலங்கிப்போன குடும்பம் ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து யாருக்கு டிக்கெட் எடுத்தாலும், வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளையும் நேரத்தையும் கிழமையோடு தனியாக எழுதிக் கொடுக்கிறேன்.

எட்டாம் படி: இடையில் மாறிப் போனால்

சென்னையிலிருந்து டொரொன்டோவுக்கு நம்மவர்கள் பெரும்பாலும் துபாய் வழியாகவோ லண்டன் வழியாகவோ போகிறார்கள். துபாய் வழி: 2,930, அப்புறம் 11,080, மொத்தம் சுமார் 14,010 கி.மீ. லண்டன் வழி: 8,230, அப்புறம் 5,710, மொத்தம் 13,940. நூல் காட்டிய நேர்வழி 13,390. எந்தப் பக்கம் போனாலும் சுற்று அறுநூறு கிலோமீட்டர் சுமார்தான், நேரத்தில் முக்கால் மணி. ஆனால் டிரான்சிட்டில் காத்திருப்பது இரண்டு மணியாகவும் இருக்கலாம், ஒன்பது மணியாகவும் இருக்கலாம். அதனால் இப்படியான பயணத்தில் தூரத்தை ஒப்பிடுவதை விட்டுவிட்டு இடைவேளையை ஒப்பிடுங்கள். துபாய் வழிக்கு நம் சூத்திரப்படி 4 மணி 12, பிறகு 14 மணி 1, நடுவில் மூன்று மணி நேரம். மொத்தம் 21 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

இடைவேளை ஒன்றரை மணிக்கும் குறைவாக இருந்தால் வயதானவர்களை அதில் அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தனித்தனியாக எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் பெரும்பாலும் அது நம் செலவு. லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டியிருந்தால் அதற்கே அரை நாள் ஒதுக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: வாசலிலிருந்து வாசல்

சென்னையிலிருந்து மதுரைக்கு விமான தூரம் சுமார் 420 கி.மீ., ஏடிஆரில் ஒன்றரை மணி நேரம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி, முன்கூட்டியே போய் நிற்பது ஒன்றரை மணி, இறங்கிப் பெட்டி எடுத்து ஊருக்குள் போவது ஒரு மணி. மொத்தம் ஐந்து மணி. தேஜஸ் ரயில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் எடுத்து மதுரை ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிடும். எழும்பூர் பக்கம் குடியிருப்பவருக்கு ரயிலே மேல் என்பேன். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாகவும், இறங்கியபின் இமிக்ரேஷனுக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரமும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழைத்துப்போக வருகிறவர்களுக்கு விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாமல், வெளியே வரும் நேரத்தைச் சொல்லுங்கள்.

அத்தைக்கு அன்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். "சிங்கப்பூர்: இருக்கையில் நாலரை மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னால் வைக்கவும். துபாய்: இருக்கையில் நாலேகால் மணி நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி பின்னால் வைக்கவும். மணிக்கு ஒருதடவை எழுந்து நடக்கவும்." அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு ஊருக்கும் போய் வந்தார்.